அந்தப் புட்டி இப்போது எங்கே?

1937 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கள ஆய்வாளர்களும் வேதியியலாளர்களுமாகிய 239 பேரில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே ஒரு மருந்தைத் தேடி அலைந்தார்கள். டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த மாசெங்கில் நிறுவனம் தயாரித்த 'எலிக்சிர் சல்ஃபனிலமைடு' என்ற திரவ மருந்து அது. தொண்டைத் தொற்று முதல் பல தொற்றுகளுக்குச் சல்ஃபனிலமைடு மாத்திரையாகவும் பொடியாகவும் ஏற்கெனவே நல்ல பலன் தந்துகொண்டிருந்தது. அதை இனிப்பான திரவமாகவும் தரலாம் என்று நிறுவனம் முடிவு செய்தது. கரைப்பதற்கு எடுத்துக்கொண்ட பொருள் டைஎத்திலீன் கிளைகால். ராஸ்பெர்ரி மணம் சேர்த்தார்கள். சுவையையும் தோற்றத்தையும் மணத்தையும் சோதித்தார்கள். நஞ்சா என்று சோதிக்கவில்லை. அன்றைய சட்டம் அப்படியொரு சோதனையைக் கேட்கவும் இல்லை.

மொத்தம் 240 காலன் தயாரானது. 633 பார்சல்களாக நாடெங்கும் போனது. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் நோயாளிகள் சிறுநீர் அடைபட்டு இறந்துபோகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தபோது, மருந்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி நிறுவனம் தந்திகள் கொடுத்தது. அந்தத் தந்திகளில் அவசரமும் இல்லை, உயிருக்கு ஆபத்து என்ற சொல்லும் இல்லை. அரசு வற்புறுத்திய பிறகுதான் இரண்டாவது சுற்றுத் தந்திகளில் உண்மை ஏறியது. அதற்குள் புட்டிகள் மருந்துக்கடைகளுக்கும், மருத்துவர்களின் பைகளுக்கும், வீட்டு அலமாரிகளுக்கும் போய்விட்டன. விற்பனைச் சீட்டுகளில் பல இடங்களில் முழுப் பெயர் இல்லை, முகவரி இல்லை. டெக்சாஸில் ஒரு விற்பனைப் பிரதிநிதி, சிறையில் அடைக்கப்பட்ட பிறகே தான் எங்கே கொடுத்தேன் என்று சொன்னார். மருந்துச் சீட்டு வாங்கியதும் மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஒரு குடும்பத்தின் மூன்று வயதுச் சிறுவனைத் தேட, ஒரு மருத்துவர் தன் திருமணத்தையே தள்ளிவைத்துவிட்டுக் கிளம்பினார்.

234 காலனும் ஒரு பைண்டும் மீட்கப்பட்டன. கைக்கு எட்டாமல் போனது ஆறு காலனுக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 22 லிட்டர். அந்த 22 லிட்டர் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் 34 பேர் குழந்தைகள்.

மறு ஆண்டு, 1938-ல், விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. மருத்துவ வரலாறு இந்தச் சம்பவத்தை அந்தச் சட்டத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வாளர்களைத் தெருத்தெருவாக அலையவைத்த கேள்வி வேறு: ஆலையை விட்டு வெளியேறிய ஒரு புட்டி இந்த நிமிடத்தில் யார் கையில் இருக்கிறது? விநியோகச் சங்கிலிக்காக இன்று எழுதப்படும் மென்பொருள்கள், ஒட்டப்படும் உணரிகள், அச்சிடப்படும் குறியீடுகள் எல்லாம் இந்தக் கேள்விக்கான பதில்களே.

ஒரு மருந்தின் அட்டையில் பேட்ச் எண் இருக்கும். ஒரே கலவையிலிருந்து ஒரே ஓட்டத்தில் வந்த ஆயிரக்கணக்கான, சில நேரம் லட்சக்கணக்கான பெட்டிகளுக்கு அது பொதுவான எண். அந்த எண்ணை வைத்து எந்தக் கலவை கெட்டது என்று சொல்லலாம். ஒவ்வொரு பெட்டியும் எங்கே போனது என்று சொல்ல முடியாது. அதற்கு ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஓர் எண் வேண்டும். துருக்கி 2010-லேயே நாடு முழுவதற்கும் இப்படியொரு மருந்துத் தடமறியும் அமைப்பைக் கொண்டுவந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல், மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்துகளின் ஒவ்வொரு பெட்டியிலும் தனி எண் கொண்ட சதுரக் குறியீடு இருக்கிறது. மருந்தாளுநர் பெட்டியை நோயாளியிடம் கொடுக்கும் முன் அதை வருடுகிறார். அந்த எண் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. அதே எண்ணோடு இன்னொரு பெட்டி வேறு ஊரில் தலைகாட்டினால் இரண்டில் ஒன்று போலி என்று கணினி உடனே எச்சரிக்கும். அமெரிக்கா 2013 நவம்பரில் இதற்குச் சட்டம் இயற்றி, முழுமையாக நடைமுறைப்படுத்தப் பத்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. அதுவும் போதாமல் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

ஏன் அவ்வளவு தாமதம்? குறியீட்டை அச்சிடுவது எளிது. 'டேட்டா மேட்ரிக்ஸ்' எனப்படும் அந்தச் சின்னஞ்சிறு கட்டத்துக்குள் மருந்தின் அடையாள எண், பேட்ச், காலாவதி நாள், தனி எண் நான்கும் அடங்கிவிடும். இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1960-ல் வகுத்த பிழைதிருத்த முறை அதற்குள் வேலை செய்வதால், அட்டை கசங்கி ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து முழுத் தகவலையும் மீட்டுவிடலாம். கடினம் எல்லாம் அடுத்த அடுக்கில் இருக்கிறது. எந்தெந்தப் பெட்டி எந்த அட்டைப்பெட்டிக்குள் போனது, எந்த அட்டைப்பெட்டி எந்தப் பலகையடுக்கில் ஏறியது என்று ஒவ்வொரு மட்டத்திலும் பதிவு சரியாக இருந்தால்தான், மொத்த வியாபாரி பலகையடுக்கின் ஒரே குறியீட்டை வருடி, உள்ளே இருக்கும் ஆயிரம் பெட்டிகளையும் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியும். வழியில் யாரோ ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பத்தை எடுத்துவிட்டு வேறு பத்தை வைத்தால், அதற்குப் பின்னால் வரும் பதிவுகள் அத்தனையும் பொய்.

இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் உறைகளில் கியூஆர் குறியீடு கட்டாயம். அதே ஆண்டு ஜனவரி 1 முதல், மாத்திரைக்குள் போகும் செயல்மருந்துப் பொருள்களின் ஒவ்வொரு சிப்பத்திலும் குறியீடு இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் அளவு எல்லாம் அதில் இருக்கும். வரவேற்க வேண்டிய ஏற்பாடுகள். ஆனாலும் ஒரு வாசலைக் காவல் இல்லாமலே விட்டுவைத்தன.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி இருமலுக்கு மருந்து குடித்த சின்னக் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கியது. காரணம் என்ன என்று பல நாள் தெரியவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் தகவல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். 1937-ல் கொன்ற அதே பொருள்.

இங்கே நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். தகவல் வந்த ஓரிரு நாளில் சோதனை முடிந்து, விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னால் வாரக்கணக்கில் குழந்தைகள் வெவ்வேறு மருத்துவமனைகளில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் குடித்த மருந்து ஒன்றுதானா, அதன் பேட்ச் எண் ஒன்றுதானா என்று ஒரே திரையில் பார்க்கும் வசதி எந்த மருத்துவருக்கும் இல்லை. ஆய்வகம் வேகமாகத்தான் வேலை செய்தது. கேள்விதான் அந்த ஆய்வகத்துக்குத் தாமதமாக வந்துசேர்ந்தது.

டைஎத்திலீன் கிளைகால் நிறமற்றது, இனிப்பானது, கொழகொழப்பானது. இருமல் மருந்தில் முறைப்படி சேர்க்கும் கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைகாலையும் போலவே இருக்கும். கண்ணாலோ நாக்காலோ வேறுபடுத்த முடியாது. மருந்துத் தரத்தில் உள்ளதைவிடத் தொழிற்சாலைத் தரத்தில் உள்ள கரைப்பான் விலை குறைவு. பிரேக் ஆயிலுக்கும் உறைதடுப்பானுக்கும் போக வேண்டிய சரக்கு மருந்து ஆலைக்கு வந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை உடைக்கிறது. அப்போது உருவாகும் டைகிளைகாலிக் அமிலம் சிறுநீரக நுண்குழாய்களின் செல்களைச் சாகடிக்கிறது. 2022-ல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் இதே வகை மாசால் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

குறியீடு இல்லாத வாசல் இதுதான். கரைப்பான் செயல்மருந்து அல்ல, துணைப்பொருள். செயல்மருந்தின் சிப்பத்துக்கு அடையாளம் கேட்ட விதி, கரைப்பான் வரும் டிரம்முக்குக் கேட்கவில்லை. ஒரு டிரம் பெரிய இறக்குமதியாளரிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து சில்லறை ரசாயனக் கடைக்கும், அங்கிருந்து சிறு ஆலைக்கும் கைமாறும்போது, வழியில் அது பிரித்து ஊற்றப்படலாம், மறுலேபிள் ஒட்டப்படலாம். சிந்த்வாரா சாவுகளுக்குப் பிறகு, 2025 அக்டோபரில்தான் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆபத்து மிகுந்த கரைப்பான்களின் போக்குவரத்தை உரிமங்களுக்கான தேசிய இணையதளத்திலேயே பதிந்து கண்காணிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சங்கிலியின் கீழ்ப்பக்கம் நோயாளியை நோக்கிப் பார்ப்பதற்குக் கொடுத்த கவனத்தை, மேல்பக்கம் மூலப்பொருளை நோக்கிப் பார்ப்பதற்கும் அன்றே கொடுத்திருந்தால் என்ன என்ற கேள்வி மனத்தை அறுக்கிறது.

மேல்பக்கப் பார்வை இல்லாமல் போனால் பணக்கார நாடும் தப்பாது. 2008 தொடக்கத்தில் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபரின் ஊசிக்குப் பின் ரத்த அழுத்தம் சடாரென்று வீழ்ந்தது. பலர் இறந்தார்கள். ஹெபரின் பன்றிக்குடலின் உள்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. சீனாவில் அதன் மூலச்சரக்கு சிறு பட்டறைகளில் தயாராகி, ஒன்றுதிரட்டும் வியாபாரிகள் வழியாக ஆலைக்குப் போகும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பன்றிகளுக்கு நோய் பரவிச் சரக்கு தட்டுப்பட, விலை ஏறியது. யாரோ வழியில் மலிவான வேறொரு பொருளை, வேதிமுறையில் மாற்றிய காண்ட்ராய்டின் சல்ஃபேட்டை, கலந்துவிட்டார்கள். வழக்கமான சோதனைகளில் அது ஹெபரின் போலவே நடித்தது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு போன்ற நுட்பமான முறைகளுக்குப் போன பிறகே பிடிபட்டது.

அந்தக் கதையில் ஒரு விவரம் கணினித் துறையினர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. செயல்மருந்தைத் தயாரித்த சாங்ஜோ நகரத்து ஆலையை அமெரிக்க அதிகாரிகள் ஒருமுறைகூட ஆய்வு செய்திருக்கவில்லை. பெயர் ஒத்திருந்த வேறோர் ஆலையோடு தரவுத்தளத்தில் குழம்பி, ஏற்கெனவே ஆய்வு முடிந்துவிட்டது என்று எண்ணி 2004-ல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆலைக்குத் தனித்த அடையாள எண் ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. 'பிளாக்செயின்' பற்றி ஆர்வத்தோடு பேசுகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. ஒருமுறை எழுதியதை யாரும் அழிக்க முடியாத பேரேடு அது என்பது உண்மை. ஆனால் முதல் பதிவே தவறென்றால் அந்தத் தவறும் அழியாமல் இருக்கும். டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று பேரேட்டுக்குத் தெரியாது. டிரம்மைத் திறந்து ஒரு துளி எடுத்துச் சோதிக்கிற ஆய்வாளருக்குத்தான் தெரியும். டைஎத்திலீன் கிளைகாலைக் கண்டுபிடிக்க மெல்லடுக்கு நிறச்சாரல் முறை என்ற மலிவான சோதனையே போதும். அந்தச் சோதனையின் முடிவு, டிரம்மின் எண்ணோடு சேர்ந்து பதிவாவதே பயனுள்ள பதிவு.

தமிழ்நாட்டுக்கு இந்த வகையில் பெருமைப்படத்தக்க முன்வரலாறு உண்டு. 1994-ல் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கொடுக்கிறது. இணையம் என்ற சொல்லே பலருக்கு அறிமுகமாகாத நாட்களில் அந்தக் கிடங்குகளின் இருப்பு கணினியில் ஏறியது. எந்தக் கிடங்கில் எந்த மருந்து குறைகிறது என்று சென்னையில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதற்கு ஒதுக்கிய தொகைக்குள், தனக்குத் தேவையான மருந்தைத் தேவையான அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். வந்து இறங்கும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, சங்கேத எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் மருந்து கிடங்கைவிட்டு நகரும். கேரளமும் ராஜஸ்தானும் உட்படப் பல மாநிலங்கள் பின்னாளில் இந்த வழியைப் பின்பற்றின. கணினி, பாஸ்புக், ஆய்வகம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றதுதான் இதன் பலம். கணினியை மட்டும் வாங்கி வைத்திருந்தால் இவ்வளவு நடந்திருக்காது.

கையிருப்பு கண்ணுக்குத் தெரிவதில் இன்னொரு நன்மை உண்டு. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாதம் தலா 100 குப்பி தடுப்பூசி செலவழிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தட்டுப்பாடு வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. பயந்துபோய் ஒவ்வொன்றும் 150 கேட்கிறது. மாவட்டக் கிடங்கு 1,500 என்ற தேவையைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று 2,000 கேட்கிறது. மாநிலக் கிடங்கு இன்னும் கூட்டி 2,600 கேட்கிறது. பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை மாறவே இல்லை. அடுத்த மாதம் எல்லோரிடமும் குப்பிகள் குவிந்துகிடக்க, யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆலை தேவை செத்துவிட்டது என்று நினைக்கிறது. எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரெஸ்டர் 1961-ல் வெளியிட்ட 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' நூலில் இந்த ஊசலாட்டத்தைக் கணிதமாக விளக்கினார். கையில் அசைவு சிறிதாக இருந்தாலும் நுனியில் பெரிதாக வீசும் சாட்டையின் பெயரால் இது இன்று அழைக்கப்படுகிறது. 1997-ல் ஹாவ் லீ, வி. பத்மநாபன், சியூங்ஜின் வாங் மூவரும் இதன் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு மட்டமும் தனக்குக் கீழே இருப்பவர் என்ன கேட்கிறார் என்பதை மட்டும் பார்க்கிறது, கடைசியில் என்ன செலவாகிறது என்பதைப் பார்ப்பதில்லை என்பது அவற்றுள் முதன்மையானது. செலவை எல்லா மட்டங்களுக்கும் காட்டிவிட்டால் ஊசலாட்டம் பெருமளவு அடங்கும்.

இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் இதைச் செய்துகாட்டிய அமைப்பு 'ஈவின்'. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் இதை நடைமுறைப்படுத்தியது. 2015 முதல் மாநிலம் மாநிலமாக விரிந்தது. ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கான திட்டம் அது. தடுப்பூசி கர்னால், மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் உள்ள மத்தியக் கிடங்குகளில் இறங்கி, மாநிலம், மண்டலம், மாவட்டம் என்று படியிறங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டிக்கு வந்து, அங்கிருந்து நான்கு ஐஸ்பேக் வைத்த கேரியரில் கிராம சுகாதாரச் செவிலியரின் தோளில் தொங்கி ஊருக்குள் போகிறது. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்று தாய்மார்களுக்குத் தெரியும். இந்தப் பாதை முழுவதிலும், பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தாக வேண்டும்.

எட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்குக் கீழே போவதும் அதே அளவு மோசம் என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சள் காமாலை பி, பெண்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகளில் நோய்க்கூறுகள் அலுமினிய உப்பின் நுண்துகள்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உறைந்தால் பனிப்படிகங்கள் அந்தத் துகள்களை நெருக்கிக் கட்டியாக்கிவிடும். உருகிய பிறகும் அவை பழையபடி பிரியாது. ஊசி போட்ட குழந்தைக்கு வலியும் காய்ச்சலும் வரலாம், உரிய பாதுகாப்பு மட்டும் வராமல் போகலாம். அதிகச் சூட்டைக் காட்ட 1996 முதல் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. குப்பியின் மேல் ஒட்டிய வட்டத்துக்குள் வெளிர்நிறச் சதுரம் ஒன்று, பட்ட சூட்டையும் நேரத்தையும் கூட்டிக் கூட்டிக் கருத்துக்கொண்டே வரும். சுற்றியிருக்கும் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியை எறிந்துவிட வேண்டும். போலியோ சொட்டு மருந்தில் முதலில் வந்த இந்த எளிய வேதியியல் எத்தனையோ கோடி டோஸ்களைக் காத்திருக்கிறது. ஆனால் உறைந்துபோனதை அது காட்டாது.

அந்த இடைவெளியைத்தான் ஈவினின் உணரிகள் அடைத்தன. குளிர்பெட்டிக்குள் இருக்கும் உணரி 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கிறது. சிம் அட்டை வழியாக மணிக்கு ஒருமுறை சர்வருக்கு அனுப்புகிறது. எல்லை தாண்டினால் அங்கேயே அலாரம் அடிக்கிறது, பொறுப்பாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. இருப்புக் கணக்கை, குளிர்பதனப் பொறுப்பாளர் ஊசி நாள் முடிந்ததும் கைப்பேசியில் பதிகிறார். பதிவேட்டின் நகல் தபாலில் போய்ச் சேரும் வரை காத்திருந்த மாவட்ட அதிகாரி, பக்கத்து நிலையத்தில் உபரியாக இருப்பதை அன்றே பார்த்து இங்கே மாற்றிவிட முடிகிறது. காலாவதி முந்துவதை முதலில் எடுக்கச் சொல்ல முடிகிறது. 2020 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட தகவலின்படி, தடுப்பூசி இல்லாமல் போகும் நிகழ்வுகள் 80 விழுக்காடு குறைந்தன. இருப்பை மீண்டும் நிரப்ப ஆகும் காலம் சராசரியாகப் பாதிக்கும் கீழே வந்தது. 41,000-க்கும் மேற்பட்ட பொறுப்பாளர்கள் இதற்குப் பயிற்சி பெற்றிருந்தார்கள். சில மாதங்களில் கொரோனா தடுப்பூசி வந்தபோது, கோவின் அமைப்பு இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது. இந்தோனேசியா இதே மாதிரியைத் தன் நாட்டுக்கு எடுத்துக்கொண்டது.

அந்த 41,000 பேரைப் பற்றிப் போதிய அளவு எழுதப்படவில்லை. இரவு இரண்டு மணிக்குக் குறுஞ்செய்தி வந்தால் எழுந்து போய்ப் பிளக் கழன்றிருக்கிறதா, மின்சாரம் போய்விட்டதா என்று பார்ப்பவர்கள் அவர்கள். இந்தியக் குளிர்பெட்டிகளின் சுவர்களுக்குள் பனிநீர் அடுக்கு இருப்பதால் நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலும் அவை தாக்குப்பிடிக்கும். அந்தத் தாங்குதிறனும் அந்த மனிதரும் இல்லாவிட்டால் குறுஞ்செய்தி வெறும் இரங்கல் செய்தியாகவே இருந்திருக்கும். வலைப்பின்னல் ஒன்றைத் திட்டமிடுகிறவர்கள் திரைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் அலாரத்துக்குப் பதில் சொல்லும் மனிதருக்கும், அவர் கையில் இருக்க வேண்டிய மாற்றுப்பெட்டிக்கும் ஒதுக்கியாக வேண்டும்.

பார்க்க முடிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போவது எப்படி இருக்கும் என்பதை 2024 செப்டம்பர் இறுதி காட்டியது. ஹெலீன் சூறாவளியின் வெள்ளம் வடகரோலினாவின் மேரியன் அருகே பாக்ஸ்டர் நிறுவனத்தின் நார்த் கோவ் ஆலைக்குள் புகுந்தது. ஆலைக்குப் போகும் பாலங்களும் சேதமடைந்தன. நாளொன்றுக்குச் சுமார் 15 லட்சம் சலைன் பைகள் தயாரித்த ஆலை. அமெரிக்காவின் தேவையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அந்த ஒரே இடத்திலிருந்து வந்தது. மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. வாயால் குடிக்க முடிந்த நோயாளிகளுக்குக் குடிக்கவே கொடுத்தன. வெளிநாட்டு ஆலைகளிலிருந்து அவசரமாகப் பைகள் விமானம் ஏறின. ஆலை முழு அளவுக்குத் திரும்ப 2025 ஆகிவிட்டது. இதில் எதுவும் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. 2017-ல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவில் இதே நிறுவனத்தின் ஆலைகளை முடக்கியபோது சிறிய சலைன் பைகளுக்கு இதே கதி நேர்ந்தது. ஓர் உப்புநீர்ப் பை மிக மலிவான பொருள். மலிவான பொருளுக்கு இரண்டாவது ஆலை வைத்திருக்க எந்த வணிகக் கணக்கும் இடம்கொடுக்கவில்லை.

இந்தியா இந்த இடத்தில் தன்னைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே இறக்குமதியாகும் செயல்மருந்துப் பொருள்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2020 மார்ச் 3-ம் நாள், வூஹான் முடங்கியிருந்த வாரங்களில், பாரசிட்டமால் உள்ளிட்ட 26 பொருள்களின் ஏற்றுமதியை இந்தியா கட்டுப்படுத்த வேண்டி வந்தது அதனால்தான். ஒரு காலத்தில் இந்தியா பெனிசிலின்-ஜி தயாரித்தது. மலிவான இறக்குமதியின் முன் நிற்க முடியாமல் ஆலைகள் மூடப்பட்டன. மீண்டும் இங்கேயே தயாரிக்க 2020-ல் 6,940 கோடி ரூபாய்க்கு ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2024 அக்டோபரில் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் பெனிசிலின்-ஜி ஆலை திறக்கப்பட்டது. இறக்குமதி விலை மறுபடி சரியும் ஆண்டில் அந்த ஆலை ஓடுமா என்பது, மருந்து வாங்குகிறவர்கள் தங்கள் டெண்டரில் எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இப்போது பெரும்பாலும் விலையைக் கேட்கிறார்கள். மாத்திரையின் செயல்மருந்து எந்த ஆலையில் தயாரானது, சிரப்பின் கரைப்பான் டிரம் எண் என்ன, அதன் சோதனை அறிக்கை எங்கே, முதல் ஆலை நின்றால் இரண்டாவது எது என்ற நான்கு பத்திகளைப் படிவத்தில் சேர்க்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மாநில மருத்துவப் பணிகள் கழகங்களைப் போல மொத்தமாக வாங்குகிற ஒருவர் கேட்டால் தயாரிப்பாளர்கள் நிரப்பித்தான் ஆக வேண்டும்.